அரண்மனையிலும் ஒரு காலிக் கட்டில்

ஸ்டொவ்னர், ஒஸ்லோ
மே 4

அன்பு மகள் சாருகாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் கொலஸ்ட்ரோல் எங்கள் இருவரையும் விடச் சுகமாக வளர்கிறது. உன் சுகத்தையும், அந்தப் பெரிய சப்பாத்துக்குள் இருக்கும் பத்து விரல்களின் சுகத்தையும் தனித்தனியாக அறிய ஆவல். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், பயிற்சிக்குப் போனால் ஃபோனையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்கிறாய், ஆனால் முகாமுக்குத் தபால் ஒழுங்காக வரும் என்று நீதான் சொன்னாய். காகிதத்துக்குப் பெருவிரல் காட்ட முடியாது, முழுக்க வாசித்தே ஆகவேண்டும். அதோடு இதற்குள் நான் உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டும், அது எந்த இடத்தில் வரும் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அதை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய்.

முதலில் ஊர்ப் புதினம். சென்ற சனிக்கிழமை நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா, வழக்கம்போல் பட்டிமன்றம், வழக்கம்போல் தில்லைநாதன் மாஸ்டர் நடுவர். அவருடைய மணி உனக்கு நினைவிருக்கும், ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். போன வருடம் ஒருவர் 'ஆகவே' என்று வாயைத் திறக்கும்போது அடித்துவிட்டார், அந்த மனுசன் இன்னும் அந்த 'ஆகவே'யை வாயில் வைத்துக்கொண்டுதான் திரிகிறார். இம்முறைத் தலைப்பு, அரச குடும்பத்தினர் இராணுவத்தில் சேவை செய்ய வேண்டுமா வேண்டாமா என்பது. இந்த நாட்டு அரசரின் பேத்தி உன்னைப் போலவே வடக்குப் பனிக்குள் போய்ச் சேவை செய்த நாளிலிருந்து நம் ஆட்கள் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் இதைத்தானே கதைக்கிறார்கள், ஏதோ அரண்மனையில் இருந்து இவர்களிடம் ஆலோசனை கேட்டு ஆள் அனுப்பியது மாதிரி. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். எனக்கு 'வேண்டும்' என்று விழுந்தது. சீட்டை விரித்துப் பார்த்த அப்பா, தேத்தண்ணி மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்று உனக்குத் தெரியும். நீ ஆமிக்குப் போன கதையை நான் இந்த ஊரில் ஒரு குருவிக்கும் சொல்லவில்லையே. மகள் திரொம்சோவில் மருத்துவம் படிக்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். வடக்கு என்பது உண்மை, குளிர் என்பது உண்மை, பனிக்காலத்தில் நீங்கள் வெள்ளை உடுப்புப் போடுகிறீர்களாம், ஆகவே வெள்ளைக் கோட்டும் முழுப் பொய் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் பொய்க்கும் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. தை மாதம் நேசமணி அக்கா தன் முழங்கால் ஸ்கான் அறிக்கையை எனக்கு அனுப்பி, பிள்ளையிடம் ஒருக்கால் காட்டிக் கேள் என்றா. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு நாள் விட்டு, பிள்ளை பார்த்ததாம், தினமும் நடக்கட்டாம், இனிப்பைக் குறைக்கட்டாம் என்று பதில் போட்டேன். அந்த மனுசி மூன்று மாதமாக ஸ்டொவ்னர் முழுக்க நடக்கிறா. எனக்குத்தான் வெளியே போகப் பயம், எந்த மூலையால் வந்து நன்றி சொல்லுவாவோ என்று.

சரி, மேடைக்கு வருகிறேன். எதிரணித் தலைவி திராமன் நகரில் இருந்து வந்த மங்களேஸ்வரி அக்கா. அவ கதைக்கத் தொடங்கினால் மைக் தேவையில்லை. ராசா வீட்டுப் பிள்ளை ஆமிக்குப் போறது படம் எடுக்கத்தான் எண்டு சொன்னா, ஒரு பிள்ளையைக் காக்கப் பக்கத்தில நாலு பிள்ளை நிக்கவேணும், சண்டை வந்தால் எதிரி முதல்ல அந்தக் கூடாரத்தைத்தான் தேடுவான், அயல் கூடாரத்துப் பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள் எண்டு கேட்டா. சபை கை தட்டியது, நானும் கையைத் தூக்கிவிட்டேன், பிறகுதான் நான் எதிர்ப்பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. கடைசியாகக் குரலை இறக்கி ஒன்று சொன்னா. அரண்மனைப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் நாடு முழுக்க அழும், எங்கட பிள்ளைக்கு நடந்தால் நாங்கள் மட்டும்தான் அழுவம், அது எப்பிடிச் சமமாகும் எண்டா. மகளே, நான் நாலு நகைச்சுவை எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

என் முறை வந்தது. பதினேழு வயதில் இராணுவத்திடம் இருந்து வருகிற அந்தக் கேள்விக்கொத்தைப் பற்றித்தான் தொடங்கினேன். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் வருகிறது, பெண்ணா ஆணா என்று பார்ப்பதில்லை, ஸ்டொவ்னர் மாடிக்கட்டிடத்துக்கு வருகிற அதே கேள்விகள்தான் அரண்மனைக்கும் போகின்றன, கண் எப்படி, காது எப்படி, எவ்வளவு தூரம் ஓடுவாய். நாங்கள் வந்த இடத்தில் பெரிய வீட்டுப் பிள்ளையை எந்தக் கடிதமும் தேடிப் போனதில்லை. இங்கே அரசரின் பேத்தி தலைக்கவசத்தோடும் தடித்த உடுப்போடும் பத்திரிகையில் நின்றபோது, வேலை இடத்தில் எல்லாரும் அதைச் சாதாரணமாகப் பார்த்துவிட்டுக் கோப்பி குடித்தார்கள், நான் மட்டும் அந்தப் படத்தை வெட்டி வைத்தேன். பிறகு மங்களேஸ்வரி அக்காவுக்குப் பதில் சொன்னேன். அக்கா, சமமில்லை எண்டது சரிதான், அதுக்காகத்தான் போகவேணும், அரண்மனையிலயும் ஓர் அறையில ஒரு கட்டில் காலியாக் கிடக்கவேணும், அப்பதான் பிள்ளையளை எங்கை அனுப்புறது எண்டு யோசிக்கிற இடத்தில அந்தக் கட்டிலும் ஞாபகத்துக்கு வரும், அரண்மனைச் சனமே தங்கட பிள்ளையை ஒளிக்கேல்லை எண்டேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் காலியாகக் கிடக்கிறது. அதன் மேல் நான் மடிக்காத துணியைக் குவித்து, வருகிறவர்கள் கண்ணில் படாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். அரண்மனை ஒளிக்கவில்லை, இந்த ராசமலர் ஒளித்துவிட்டாள். அப்படியே மைக்கில் சொல்லிவிட்டேன், என்ர மகள் டொக்டருக்குப் படிக்கேல்லை, ஆமியில நிக்கிறாள் எண்டு. ஆமி என்ற சொல்லை, ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடிவந்த நம் ஆட்களுக்கு முன்னால் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தில்லைநாதன் மாஸ்டரின் கை மணிக்கு மேலே அப்படியே நின்றது, என் நேரம் எப்போதோ முடிந்திருந்தது, அவர் அடிக்கவில்லை. முதலில் வாயைத் திறந்தது நேசமணி அக்கா. அப்ப என்ர முழங்காலுக்கு மருந்து சொன்னது ஆர் எண்டு கேட்டா. நான்தான் அக்கா எண்டேன். முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, நோவு குறைஞ்சதுதான் எண்டா. அதற்குப் பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குள் குலேந்திரன் அண்ணை எழும்பி, பேர்கனில் எஞ்சினியரிங் படிக்கிறான் என்று இரண்டு வருடமாக எங்களுக்குச் சொல்லி வந்த மகன் கிருஷிகன் உண்மையில் அங்கே கடற்படையில் நிற்கிறான், கப்பலில் உருளைக்கிழங்கு உரிக்கிறான் என்று சொல்லிவிட்டு, அழுதபடியே உட்கார்ந்தார். அவன் படிப்பை நான் அப்பாவுக்கு எத்தனை தரம் எடுத்துக்காட்டியிருப்பேன்.

தீர்ப்பு 'வேண்டாம்' அணிக்கு. நான் ஆறு நிமிடம் கூடக் கதைத்துவிட்டேனாம். மங்களேஸ்வரி அக்கா வடைத் தட்டோடு, நான் பாத்திரம் கழுவிய மண்டபக் குசினிக்குள் வந்து, நான் இப்பவும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன் எண்டா, பிறகு, பிள்ளைக்கு அங்கை சரியாக் குளிருமே எண்டு கேட்டா. நான் ஓம் எண்டேன். மறுநாள் அவவின் மருமகன் ஒரு பை கொண்டுவந்து தந்தார், உள்ளே கையால் பின்னிய கம்பளிக் காலுறை மூன்று சோடி. இத்தோடு அனுப்புகிறேன். நிறத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இனி அந்த மன்னிப்பு. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு நீ லீவில் வந்தபோது, ஒஸ்லோ ஸ்டேஷன் கழிவறைக்குள் உடுப்பை மாற்றிக்கொண்டு வா, சீருடையோடு வீட்டு வாசலுக்கு வராதே என்று நான் ஃபோனில் சொன்னேன். சனம் பார்க்கும் என்றுதான் சொன்னேன். அது பாதிதான். என் பதினாறு வயதில் ஒரு காலை வாசலில் சீருடைகள் வந்து நின்றன, உன் பெரிய மாமாவைக் கூட்டிக்கொண்டு போயின, எட்டு மாதம் கழித்து வேறொரு ஆளைத் திருப்பித் தந்தன. கதவைத் திறக்கும்போது அந்த உடுப்புக்கு மேலே உன் முகம் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் மிச்சப் பாதி. நீ ஒன்றும் கேட்காமல் மாற்றிக்கொண்டு வந்தாய். சப்பாத்தை மட்டும் மாற்ற வேறு இல்லை என்று அதோடேயே வந்தாய், நான் அதையும் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். தூக்கும்போதுதான் அதன் பாரம் தெரிந்தது. மழை பெய்தால் பஸ் நிறுத்தத்துக்கு நடக்க மாட்டேன் என்று அழுத பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு, முதுகில் என் பாதி நிறையைச் சுமந்துகொண்டு, மைனஸ் இருபத்தெட்டில் பனிக்குழிக்குள் படுக்கிறது. அரசரின் பேத்தியைப் பார்த்து வாய் பிளந்தவள், உன்னைப் பார்த்து அலுமாரியைப் பூட்டினேன். ஈஸ்டருக்கு நீ வரவில்லை, முகாமில் வேலை என்றாய். வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள் மகளே.

அப்பா எப்படி என்று கேட்பாய். அவர் ஓட்டும் டிராம் அரண்மனைப் பூங்காப் பக்கம் போகும்போது இப்போதெல்லாம் நிறுத்தத்தில் அரை நிமிடம் கூட நிற்கிறதாம், அங்கே காவல் நிற்கிற பொடியன் தொப்பி இறகும் ஆடாமல் நிற்பதைப் பார்த்து, தாய்க்காரி எந்த ஊரோ என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு வருகிறார். துணியெல்லாம் மடித்தாகிவிட்டது, உன் கட்டிலும் விரித்தாகிவிட்டது, உன் அறைக் கதவு இப்போது திறந்துதான் இருக்கிறது.

பதினேழாம் திகதி, தேசிய நாளுக்கு, உங்களுக்கு லீவு உண்டு என்று கிருஷிகனின் தாய் சொன்னா, எல்லாச் செய்தியும் இப்போது எனக்கு நேரடியாக வருகிறது. வா. அந்த உடுப்போடேயே வா. நான் வீட்டில் இருக்கமாட்டேன், ஒஸ்லோ ஸ்டேஷனில் அந்தக் கழிவறை வாசலில் சேலை கட்டிக்கொண்டு நிற்பேன், உள்ளே போக விடமாட்டேன். உன்னைக் கண்டதும் நான் ஓர் அடி பின்னால் வைத்தால் கவனிக்காத மாதிரி நில், கொஞ்சத்தில் சரியாகிவிடும். பிறகு ஸ்டொவ்னரில் ரயிலை விட்டு இறங்கி, இருவரும் வீடு வரை ஒன்றாக, எல்லாரும் பார்க்க நடந்து வருவோம். வழியில் நேசமணி அக்கா வந்தால் முழங்காலைப் பற்றி ஏதாவது கேள்.

கடவுள் உன்னையும், உன் கூடாரத்துப் பிள்ளைகளையும், யார் வீட்டுப் பிள்ளையானாலும், காக்கட்டும். காலுறையை ஈரமாகப் போடாதே.

வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டில் நடு இடத்தைக் காலியாக்கி வைத்திருக்கும்,
உன் அம்மா
ராசமலர்