தட்டு மாறிய கல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் ஊமைக்கோட்டான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. கடிகாரக் கடையை வழக்கம்போல் ஒன்பது மணிக்குத் திறந்துவிடுகிறார். கப்பலில் உனக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா?

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் அருங்காட்சியகத்தில் கல் கழுவும் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியாது. மண்ணில் தோண்டி எடுத்த கற்கருவிகளின் சில்லுகள் அவை. எரிமலைக் கல், கறுப்புக் கண்ணாடி போல இருக்கும். உள்ளே எந்தத் தனிமம் எவ்வளவு என்று ஓர் இயந்திரம் உடைக்காமலே சொல்லிவிடும். மலைக்கு மலை அந்த அளவு வேறு. அதை வைத்து, கல் எந்த மலையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நடுக்கடல் தீவு ஒன்றின் மலையிலிருந்தும் சில்லுகள் கொண்டுவந்திருந்தார்கள்.

போன மாதம், நம் கரையில் தோண்டிய ஒரு சில்லு அந்தத் தீவுக் கல் என்று தெரிந்தது. அப்படியானால் ஆறாயிரம் வருடங்களுக்கு முன்பே யாரோ படகில் கடல் தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள்! ஆய்வாளர் அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்காரர், "கல்லே வாயைத் திறந்துடுச்சு, நீ எப்பம்மா திறக்கப்போற?" என்று என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால், கழுவிய அன்று ஈரக்கையிலிருந்து நம் கரைச் சில்லுகள் இருந்த தட்டும் தீவுச் சில்லுகள் இருந்த தட்டும் நழுவின. தட்டுக்கு ஒரு சில்லு தெறித்து விழுந்தது. இரண்டும் நகம் அளவுதான். காய்ந்த பிறகுதான் கல்லில் எண் எழுதுவோம். குத்துமதிப்பாக ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

இதைப் பற்றிய கட்டுரை அச்சுக்குப் போகவிருந்த திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மாவிடம் சொன்னேன். குரல் எழும்பாததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. தீவுத் தட்டில் அளக்காமல் விட்டிருந்தவற்றையும் அளந்தார்கள். அதில் ஒன்று, நம் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையின் கல். கடல் தாண்டிய கதை அதோடு போயிற்று. ஆய்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை. இப்பவாவது சொன்னியே. நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார்.

அண்ணா, அன்றே சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. பழுதுபார்க்க வந்த அந்தச் சுவர்க் கடிகாரத்தைக் கீழே போட்டது நான்தான். அப்பா உன்னைக் கையாலாகாதவன் என்று திட்டியபோது கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்வரை அங்கேயேதான் நின்றேன்.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கையிலிருந்த திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு உன் கப்பல் கம்பெனியின் விலாசத்தைக் கேட்டு வாங்கினார். உறையின் மேல் இருப்பது என் எழுத்து இல்லை என்பதை நீயே கவனித்திருப்பாய்.

நீ போகும் கடலெல்லாம் அமைதியாக இருக்கட்டும். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு வரி போடு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுது.

உன் தங்கை