நீங்கள் அனுப்பிய விமர்சனம்

லெப்பைக்குடிகாடு,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

பெனாசிர் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே மாமியும் அத்னானும் நானும் நலம். மாமிக்கு முட்டிவலி தேவலாம். உங்கள் மகனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டேன் என்கிறான். போனில் பேசினால் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். அதனால்தான் துபாய் கிளம்பும் ரஹ்மத்துல்லா அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரே வாரத்தில் இரண்டு பேரும் படிப்போம் என்றோமே, அந்தக் கதையைப் பற்றித்தான். பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து திரும்பும் கணவனுக்கு, மனைவி விருந்தாளிக்குப் போடுவதுபோல் புதுத் தட்டில் சோறு போடுவாள். படித்து அழுதேன் என்றதும் ஒரு விமர்சனக் கட்டுரையை அனுப்பினீர்கள். "இதப் படி, அப்பத்தான் கதை புரியும்" என்றீர்கள். எனக்குக் கோபம்தான். அழுதவளுக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

ஆனாலும் பெரம்பலூர் வாசகர் கூட்டத்தில் அந்தக் கதையைப் பேசச் சொன்னபோது, பயந்துபோய் அந்தக் கட்டுரையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். படிமம், மௌனம், இருப்பு என்று அடுக்கினேன். முடித்ததும், கூட்டம் நடத்தும் கமலவேணி டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதாம்மா. படிக்கறப்ப ஒனக்கு எங்க தொண்ட அடச்சுது?"

கையிலிருந்த பேப்பரை மடித்தேன். அந்தப் புதுத் தட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே பக்கத்திலிருந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

ஆனால் ஒன்று, மச்சான். பஸ்ஸில் வரும்போது கட்டுரையைத் திரும்ப எடுத்தேன். மனப்பாடம் செய்தபோது வாயோடு போன ஒரு வரி அப்போதுதான் உள்ளே இறங்கியது. அந்தக் கணவன் கதை முடியும்வரை சட்டையைக் கழற்றி மாட்டவே இல்லையாம். எங்கே மாட்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லையாம். அத்தனை முறை படித்தும் நான் அதைப் பார்க்கவில்லை. அவளுக்காக மட்டுமே அழுதிருக்கிறேன்.

போன லீவில் வந்தபோது நம் வீட்டு மோட்டார் சுவிட்ச் எங்கே என்று கேட்டீர்கள். நாங்கள் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள்.

அதனால் கட்டுரையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுதியவருக்கு நல்ல கண். ஆனால் அது அவர் படித்த கதை. நீங்கள் படித்ததை எனக்கு இன்னும் சொல்லவில்லை. ரூமில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை.

அடுத்த முறை, திரும்பிப் போகும் டிக்கெட் எடுக்காமல் வர முடியுமா என்று பாருங்கள். முடியாதென்று தெரிந்தாலும் ஒருதடவை பாருங்கள். உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் அல்லாஹ் காவலாக இருப்பானாக.

உங்கள்
பெனாசிர்