மெழுகு, இரண்டு கட்டி

அக். 14, செவ்வாய்

காலையிலேயே வெயில். 880 நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் நகரவேயில்லை. லேப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

காற்றை ஊதி மாடலைச் சோதிக்கும் விண்ட் டனலில் மூன்று ரன். மூன்றிலும் அதே கதை. நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆய்வாளரின் நோட்டில் உள்ள விமான இறக்கையை அப்படியே நகல் செய்து, அதே வேகத்தில் காற்று விடுகிறோம். இழுவை, அதாவது காற்று இறக்கையைப் பின்னுக்குத் தள்ளும் விசை, நோட்டில் இருப்பதைவிட அதிகமாகவே வருகிறது. ஆக, அந்த மனிதர் எண்களைக் குறைத்து எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை என் பேச்சே இதுதான். நன்றாகப் போனால் வேலை நிரந்தரம். ஆறு வருடமாகக் காண்ட்ராக்ட். அலுத்துவிட்டது.

நோட்டின் ஓரத்தில் தினமும் கடைப் பட்டியல் வேறு. தேயிலை, கரி, மெழுகு இரண்டு கட்டி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அளந்தால் எண் இப்படித்தான் வரும் என்று ஒரு ஸ்லைடு போட்டேன். ஹாலில் சிரிப்பு நிச்சயம்.

அக். 15, புதன்

மௌரி அவென்யூ இந்தியக் கடையில் தீபாவளிக் கூட்டம். கடலை மாவு, நெய், டீ லைட் என்கிற குட்டி மெழுகுவர்த்தி ஐம்பது. முறுக்கு பாக்கெட்தான். சுட யாருக்குத் தெம்பு?

மகள் நிலா டீ லைட் ஒன்றை ஏற்றிப் பார்க்கிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் மெழுகைக் கொட்டிவிட்டாள். "சாரிம்மா, ஐ வில் க்ளீன் இட்." மேஜையின் நடுவே இருந்த விரிசல் முழுக்க மெழுகு. விரலால் தடவினேன். விரிசல் எங்கே என்றே தெரியவில்லை.

நோட்டின் ஓரத்து மெழுகு ஞாபகம் வந்தது.

வழக்கமான மாடல்களில் மேல்பக்கம் திருகே இருக்காது. இந்த இறக்கையை மட்டும் நோட்டின் பழைய படத்தைப் பார்த்துச் செய்தோம். எட்டுத் திருகுக் குழிகளையும் அப்படியே திறந்து விட்டோம். அசலைப்போலவே இருக்கிறது என்று பெருமை வேறு! காற்று ஒவ்வொரு குழியிலும் இடறியிருக்கும். அவர் தினமும் அவற்றை மெழுகால் அடைத்திருக்கிறார். அந்த மெழுகு வெளிச்சத்துக்கு இல்லை.



அக். 16, வியாழன்

நிலாவின் டீ லைட் நான்கு. குழிகளில் உருக்கி ஊற்றி, காலாவதியான கிரெடிட் கார்டால் மட்டமாக வழித்தேன். ரன். இழுவை குறைந்தது. மறுபடி ரன். கிட்டத்தட்ட அவருடைய எண்ணேதான்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம். முகம் தெரியாத ஒருவரைப் பொய்யன் என்று பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

வீட்டில் கணவன் முரளியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டான்.

"யாருக்குடி தெரியப் போகுது? அந்த ஆளு எழுந்து வந்து கேக்கப் போறானா?"

"வரமாட்டார். அதான் கஷ்டமா இருக்கு."

"ஆறு வருஷம் நாய் மாதிரி உழைச்சிருக்க."

"தெரியும். நீ வேற ஏன் சொல்லிக் காட்டற?"

குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் அலுப்பு.

அக். 17, வெள்ளி

காலை லேப் தலைவி லிண்டாவிடம் சொன்னேன். புது எண்களைத் திரையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அப்படியானால் உன் பேச்சில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

இருபது நிமிடப் பேச்சு ஏழு நிமிடத்தில் முடிந்தது. அவர் அளந்தது சரி, நான்தான் தவறு, காரணம் இது. மெழுகு ஸ்லைடை நீக்கவில்லை, அதையும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் எதையோ எழுதிக்கொண்டார்.

வேலை விஷயம் அடுத்த வருடம் பார்க்கலாமாம். பார்க்கிங்கில் கார் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு 880.

"ஹௌ வாஸ் யுவர் டாக், அம்மா?"

"சீக்கிரம் முடிஞ்சிடுச்சுடா."

அக். 18, சனி

மேகமூட்டம். கால் வலி. நோட்டில் இன்னும் முப்பத்தோரு இறக்கைகள் பாக்கி. ஒவ்வொன்றாக அளக்கப் போகிறேன், இந்த முறை அவர் சொன்னபடி.

வாங்க வேண்டியவை:
பால்
தயிர்
நிலாவுக்கு டீ லைட் (நான் எடுத்ததற்குப் பதில்)
மெழுகு, இரண்டு கட்டி