நாடகத்து ஜோடிக்குப் போட்ட விளக்கு

வெள்ளி, இரவு

டிவி முன்னால் நான், அவர், மகள் சுகந்தி மூன்று பேரும் இருந்தோம். நாலு நாள் நாடகம் இன்றோடு முடிந்தது. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையனும் கோயிலுக்குப் போகும் சைவப் பெண்ணும் சேர்ந்ததும் அழுதுவிட்டேன்.

"இவங்க சேரணும்னு காலையில கோயில்ல விளக்கு போட்டேன், வீண்போகல" என்றேன்.

"நாடகத்துக்குமா நேர்த்தி?" என்று அவர் சிரித்தார்.

சுகந்தி சிரிக்கவில்லை. "டயகமயில இருந்து என்னைப் பொண்ணு கேட்டு வந்த ஜோசப்புக்கு ஒரு தேத்தண்ணி குடுத்தீங்களாம்மா?"

கொடுக்கவில்லை. வேதக்காரன் என்று வாசலோடு அனுப்பினேன்.

"அது நாடகம்டி."

"அதனாலதான் அழுறீங்க."

சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் மேல் கோபம் வரவில்லை, என் கண்ணீர் மேல்தான் வருகிறது.

முருகா, ஜோசப்பைத் திரும்ப வரச் சொல்லவா, வேண்டாமா? விடியறதுக்குள்ள பதில் சொல்லு.