நடுக்கம் உங்களுடையது அல்ல

அக்கா,

வெள்ளிக்கிழமை விடியலில் அம்மன் கோவிலில் உங்கள் பாட்டைப் போட்டார்கள். புதிதாக வாங்கிய பெரிய பெட்டி ஸ்பீக்கர். பூக்கூடையோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் குரல் நடுங்கியது.

கோவில் கமிட்டித் தம்பிக்கும் அது காதில் விழுந்திருந்தது. "பாவம், கடைசியில அந்தம்மாவுக்குக் கையோட குரலும் நடுங்கிப் போச்சுங்க. அடுத்த வாரத்துல இருந்து வேற பாட்டு போட்டுக்கலாமுங்க" என்றார்.

நீங்கள் கண்ணை மூடுமுன் கடைசி நாட்களில் கை நடுங்கியது நிஜம். காப்பி டம்ளரை நான்தான் பிடித்துக்கொள்வேன். ஆனால் இந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று உங்கள் பக்கத்தில் ஜால்ரா தட்டியவள் நான். குரல் நூல் பிடித்த மாதிரி நின்றது.

"நடுங்கறது அக்கா இல்லீங்க, பெட்டிங்க" என்றேன்.

"ஏனுங்க, பெட்டிக்குக் குளிர் காய்ச்சலுங்களா?" தம்பி சிரித்தார்.

வீட்டுக் கணக்கு இடித்தால் நான் மொத்தத்தை முறைத்துக்கொண்டு உட்காருவதில்லை. வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பேன். பாட்டையும் அப்படித்தான் கேட்டேன். முதலில் மேளமில்லாமல் நீங்கள் தனியாக இழுக்கும் இடம்: துளி நடுக்கமில்லை. மேளம் சேர்ந்ததும் அடிக்கு அடி குரல் கலங்கியது. மேளம் ஓய்ந்தால் தெளிந்தது. பெட்டியின் வலைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே காகிதக் கூம்பு முன்னும் பின்னும் துள்ளியது. உங்கள் குரலும் அந்தக் கூம்பிலிருந்துதானே வரவேண்டும்?

ராசிபுரம் பஸ் நினைவுக்கு வந்தது. கடைசி சீட்டில் உட்கார்ந்து இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டு வருவீர்கள். குழியில் பஸ் குதிக்கும்போதெல்லாம் குரலும் குதிக்கும். நான் சிரித்தால், "பாட்டு என்னுது சாமி, குலுக்கல் பஸ்ஸுது" என்பீர்கள்.

மேளத்தின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் குமிழைக் காட்டினேன். "ஒரு தடவை இதைக் குறைங்க தம்பி."

"மேளம் சப்புன்னு போயிருமுங்க."

"போகட்டுமுங்க. குறைச்சுட்டு அப்புறம் பேசுங்க."

குறைத்தார். கூம்பு அடங்கியது. அதே வரி, அதே மேளம். மேலே உங்கள் குரல் நேராக நின்றது. தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். கடைசியில் குறைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, "அட, அந்தம்மா பாடுனது இப்படிங்களா?" என்றார்.

"இப்படித்தானுங்க."

உங்கள் பாட்டு நிற்கவில்லை, அக்கா. ஆனால் திருவிழா வருகிறது. மேளம் நெஞ்சில் அதிரவேண்டும் என்று யாராவது அந்தக் குமிழைக் கூட்டத்தான் செய்வார்கள். மேளத்துக்குத் தனிப் பெட்டி வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன், வைக்கும்வரை கேட்பேன். அதுவரை வெள்ளிதோறும் விளக்கேற்றுமுன் நானே போய்க் குமிழைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் டம்ளரைப் பிடித்த அதே கைதான். அன்று உங்கள் கை நடுங்கியதை என்னால் நிறுத்த முடியவில்லை. குரலில் நடுக்கம் சேர விடமாட்டேன்.