வாயும் கையும் ஒரே பக்கம்

இன்று காலை கரண்டி கழுவுகிற வாளிக்குள் உன் ரப்பர் சுத்தியல் கிடந்தது. முட்டியில் தட்டுகிற அதேதான். எந்தப் பெண்ணோ மாடியிலிருந்து கையோடு கொண்டுவந்து, சாப்பிட்ட தட்டோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சாம்பார் எண்ணெய் படிந்த அதைக் கையில் எடுத்தேன். அழுகை வந்திருக்கும் என்று நினைக்கிறாயா? போடி. கோபம்தான் வந்தது. நீ போய் நாலு மாசமாகிறது, இன்னும் அதுதான் வருகிறது.

மயிலாப்பூரில் இந்த நர்சிங் ஸ்கூலுக்கு நாம் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில்தான் வேலைக்கு வந்தோம். கீழே ஹாஸ்டல் மெஸ்ஸில் நான் சாம்பார் கிண்டுவேன். மாடியில் நீ எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டி, பிளாஸ்டிக் மூளையைக் கழற்றித் துடைத்து மாட்டுவாய். நானும் அஞ்சாங்கிளாஸ், நீயும் அஞ்சாங்கிளாஸ். ஆனால் நீ கதவோரம் நின்று பாடம் கேட்டே நரம்பு மண்டலம் முழுவதையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு, பதினோரு மணி டீக்கு இறங்கி வந்து என் உயிரை எடுப்பாய்.

“கைல பச்சையா தெரியுதே, அது நரம்பு இல்லடி. ரத்தக் கொழா. நரம்புன்றது மூளைலருந்து சேதி எடுத்துக்கினு போற ஒயரு.”

“ஊரே நரம்பூசின்னுதான் சொல்லுது. நீ மட்டும் பெரிய டாக்டரு.”

“ஊரு தப்பா சொன்னா நீயும் சொல்லுவியா?”

மூளையின் இடது பாதிதான் உடம்பின் வலது பாதியை ஆள்கிறது, வழியில் முகுளம் என்ற இடத்தில் ஒயரெல்லாம் பக்கம் மாறிவிடுகிறது என்றாய். எனக்குப் புரியவில்லை என்றதும், லஸ் சிக்னலில் பஸ்கள் குறுக்கே மாறிப் போவதைத் தட்டு, டம்ளர் வைத்துக் காட்டினாய். முட்டியில் தட்டினால் கால் எகிறுவதற்கு மூளையின் உத்தரவே வேண்டாம், சேதி தண்டுவடத்தோடு திரும்பிவிடும் என்றும் சொன்னாய்.

“உன் வாயும் அப்டித்தான் கீது. மேல கேக்காமயே எகிறுது” என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பக்கவாதம் பாடம் வந்தால் நீதான் நோயாளி. நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தொங்கப்போட்டு, வாயைக் கோணி, நாக்கு குழறப் பேசிக் காட்டுவாய். பெண்கள் “சிரிங்க அக்கா, ரெண்டு கையையும் தூக்குங்க அக்கா” என்று சோதித்துப் பழகுவார்கள். எல்லாம் அருமையாக நடிப்பாய், ஒன்றைத் தவிர. வலது கையைத் தொங்கப்போட்டு, வாயை இடது பக்கம் தொங்கவிடுவாய். “வாயும் கையும் ஒரே பக்கம்தான் விழும்” என்று பாடம் எடுக்கிற மேடம் தலையில் அடித்துக்கொள்வார்.

“எனக்கு வாயி இந்தப் பக்கந்தான் கோணும், இன்னா பண்ண சொல்ற?”

“அப்போ இடது கையைத் தொங்கப்போடுங்க.”

“அதுல வாட்ச் கட்டிகினு கீறேன் மேடம், நாற்காலில இடிச்சிக்கும்.”

அதே கூத்தை மெஸ்ஸுக்கு வந்து எனக்கும் காட்டுவாய். நான் சிரித்துச் சிரித்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டிருக்கிறேன்.

அந்தக் காலையிலும் அப்படித்தான் வந்தாய். படிக்கிற பெண்கள் சாப்பிட்டுவிட்டு வார்டு டியூட்டிக்குப் போய்விட்டிருந்தார்கள். உன் கையிலிருந்து தட்டு விழுந்தது, இட்லி உருண்டது. என்னவோ குழறினாய். “ஐயோ, பேஷன்ட் வந்துட்டாங்க, ஸ்ட்ரெச்சர் எடுங்கடி!” என்று நான் காலியான மெஸ்ஸைப் பார்த்துக் கூவினேன். நீ சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாய். நான் வெங்காயம் உரித்தேன். ஒரு கூடை வெங்காயம். நடுநடுவே உன்னைப் போலவே குழறி உனக்கே பதில் சொன்னேன்.

வார்டிலிருந்து தண்ணீர் பாட்டில் நிரப்ப வந்த பெண் உன்னைப் பார்த்தாள். பாட்டிலைக் கீழே போட்டாள். “அக்கா! ரெண்டும் ஒரே பக்கம்!”

ஒரு நாளும் சரியாக நடிக்காதவள் அன்றைக்குச் சரியாகச் செய்திருந்தாய். இருபது வருஷம் அந்தத் தப்பைச் சொல்லி உன்னைக் கிண்டல் செய்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?” நான் “வெங்காயம் உரிக்கறதுக்கு முன்ன” என்றேன். நிமிஷத்துக்கு நிமிஷம் மூளை கெட்டுக்கொண்டே போகும் என்று எனக்குச் சொன்னதே நீதான். மூன்றாம் நாள் நீ போனாய்.

காரியம் முடிந்து உன் மகள் சொன்னாள். இரண்டு நாள் முன்னாலேயே உன் வலது கை கொஞ்ச நேரம் மரத்துப்போய்ச் சரியானதாம். “நரம்பு இஸ்துக்கிச்சு, எண்ணெ தேச்சு வுடு” என்றாயாம். நரம்பாடி அது? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தாயே! அடைத்துக்கொண்டது ரத்தக் குழாய். ஒரு வார்த்தை மெஸ்ஸுக்கு வந்து சொல்லியிருந்தால் நானே உன்னை மேடத்திடம் தரதரவென்று இழுத்துப் போயிருப்பேன். சொன்னால் நான் கிண்டல் செய்வேன் என்று இருந்துவிட்டாயோ? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி அங்கே போய்ப் பக்கம் மாறி என்மேலேயே விழுகிறது.

போன வாரம் மேடம் என்னை அந்த நாற்காலிக்குக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். “வாயைக் கோணிக் காட்டுங்க அக்கா” என்றாள் ஒருத்தி.

“மாட்டேன்டி. நல்லா கீற மூஞ்சி எப்டி இருக்கும்னு மொதல்ல பாத்து வெச்சிக்கோ. அது தெரியாதவளுக்குக் கோணினது எப்டித் தெரியும்?”

நோட்டை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

இப்போது நானும் தட்டு நீட்டுகிற ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்த பிறகுதான் இட்லி வைக்கிறேன். “இன்னாக்கா, அப்டிப் பாக்கிறீங்க?” என்று கேட்டால், “என் அண்ணன் மவனுக்குப் பொண்ணு பாக்குறேன்” என்பேன். யாருக்குப் பிறவியிலேயே ஒரு புருவம் ஏறியிருக்கிறது, யாருக்குச் சிரித்தால் ஒரு பக்கம்தான் பல் தெரியும், எல்லாம் எனக்குப் பாடம்.

உன் முகம்தான் வரமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால், என்னைச் சிரிக்கவைக்க நீ கோணிக் காட்டிய வாய்தான் முன்னால் வந்து நிற்கிறது. இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோமே, ஒரு நாளாவது உன் முகத்தை அதன்பாட்டுக்குச் சும்மா வைத்திருந்திருக்கக் கூடாதாடி?