மீட்டரில் கோளாறு இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இங்கே இருக்கிறோம். கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிவிடாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். போனில் பேசலாம்தான், ஆனால் உன் பெயர் வந்தாலே உன் மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நான் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் "அப்படி என்ன ரகசியம்" என்று பின்னாலேயே வருகிறார். மெசேஜில் அனுப்பலாம் என்றால், இவ்வளவையும் கட்டைவிரலால் தட்ட என்னால் ஆகாது.

இப்போது மெக்கானிக் கடையின் முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். டிரெய்லருக்கு பிரேக் கட்டை மாற்றுகிறார்கள். உள்ளே உன் மாமா மெக்கானிக்குக்கு மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்கிறது. அது கேட்கிற வரைக்கும் எனக்கு எழுத நேரம் இருக்கிறது.

நீ கேட்டிருந்தாய், மாமா பெரிய டயல் வைத்த மீட்டர் வேண்டும் என்கிறாரே, நான் மாட்டிவிட்டு வந்தது நல்ல மீட்டர்தானே, ஏன் அக்கா என்று. நானும் ஏதேதோ சொல்லி மழுப்பினேன். இனி மழுப்பத் தெம்பில்லை.

போன லீவில் வந்தபோது எங்கள் பிக்கப்பின் கம்ப்யூட்டரில் என்னவோ மாற்றி டீசலைக் கூட்டி வைத்தாயே, அன்றையிலிருந்து வண்டி யானை மாதிரி இழுக்கிறது. டைல்ஸ் பெட்டிகள் முழு லோடு ஏற்றி டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலை ஏறினால், முன்பு பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்தே நம்மைக் கொன்றுவிடுவான். இப்போது நாங்கள் லாரிகளைத் தாண்டிப் போகிறோம். அதில் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டீசல் கூடினால் புகையின் சூடும் கூடும், அதைக் கண்காணிக்காமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும் என்று சொல்லி, டர்போவையே கழற்றி இறக்கி, அதற்கு முன்னால் இருக்கும் குழாயில் துளை போட்டு அந்தச் சூடு பார்க்கும் கம்பியைச் சொருகினாய். இரும்புத் தூள் ஒன்றுகூட உள்ளே விழக்கூடாது என்று காந்தத்தை வைத்துத் தடவித் தடவி எடுத்தாய். மீட்டரை ஸ்டியரிங் பக்கத்துக் கண்ணாடி ஓரமாக மாட்டினாய். அறுநூற்றைம்பது டிகிரி வரைக்கும் பயமில்லை, எழுநூறைத் தொட்டால் காலை எடு, கியரைக் குறை, அதையும் தாண்டினால் பிஸ்டன் உருகிவிடும் என்று எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னாய். மேட்டில் நிறுத்தினாலும் உடனே சாவியைத் திருப்பாதே, முள் இருநூறுக்கு இறங்குகிற வரை எஞ்சின் சும்மா ஓடட்டும், இல்லாவிட்டால் டர்போவுக்குள் ஆயில் கருகிப்போகும் என்றும் சொன்னாய். உன் மாமா யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். எஞ்சின் விஷயத்தில் மட்டும் உன் பேச்சு அவருக்கு வேதவாக்கு.

உன் மருமகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நான் ஒற்றை ஆளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பானேன் என்று அவரோடு வண்டியில் போகத் தொடங்கினேன். முதலில் அவரேதான் முள்ளைப் பார்ப்பார். கொஞ்ச நாள் கழித்து, "நீ சும்மாதானே உக்காந்து வர்ற, முள்ளைப் பாத்துச் சொல்லிட்டு வா" என்றார். இத்தனை வருடத்தில் வண்டி விஷயத்தில் என்னை ஒரு ஆளாக மதித்து ஒரு வேலை கொடுத்தது அதுதான். ஐநூற்று எண்பது, அறுநூறு, அறுநூற்று இருபது என்று ஏலம் விடுகிறவள் மாதிரி மலை முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவேன். அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருப்பதை நான் இந்தப் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பார்த்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன்.

மேட்டில் ஏறி முடித்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு முள் இறங்குவதற்காகக் காத்திருப்போம். வீட்டில் நாங்கள் பேசுவது தண்ணீர் மோட்டாரைப் போடு, கதவைச் சாத்து என்பதோடு சரி. அந்தக் காத்திருப்பில்தான் மகளைப் பற்றியும் உன்னைப் பற்றியும் பேச்சு வரும். உனக்குப் பெண் பார்க்கிற பேச்சும் அங்கேதான் நடக்கிறது, தெரிந்துகொள்.

ஒருநாள் கிளம்பும்போதே எங்களுக்குள் சண்டை. ஒன்றுமில்லாத விஷயம், பையில் பேனாவோடு சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டார். அந்தக் கோபத்தில் நான் வாயைத் திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கண் இருக்கிறது அல்லவா, நீரே பாரும் என்று இருந்தேன். அன்றைக்கு எதிர்காற்று வேறு. அவர் பக்கக் கண்ணாடி சரியாக ஏறாமல் காற்று காதைப் பிய்த்தது. ஏதோ வாடை வருகிறதே என்று திரும்பிப் பார்த்தால் முள் எழுநூற்று முப்பதில் நிற்கிறது. அவர் காலை இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறார். நான் கத்திய கத்தலில் காலை எடுத்தார். "பாத்துட்டுதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா" என்றார். குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் மேடு முடிகிற வரைக்கும் கியரைக் கூட்டவே இல்லை.

மேலே போய் நிறுத்தினோம். எனக்கு என்ன தோன்றியதோ, முள் இன்னும் நானூறுக்குக் கீழே வரவில்லை, நான் "இருநூறு ஆயிடுச்சு" என்றேன். அவர் தலையைச் சாய்த்து மீட்டர் பக்கம் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "ஆமா, இருநூறு" என்று சொல்லிச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

தம்பி, நாளைக்கு மகளுக்குப் பிரசவ வலி எடுத்திருக்கும்போது போன் வந்தால்கூட முள் இறங்கட்டும் என்று சொல்லப்போகிற மனிதர் அவர். டர்போவுக்குள் ஆயில் கருகியிருந்தால் அந்தப் பாவம் என்னுடையது, அவரைத் திட்டாதே. அன்றைக்கு மிச்ச வழி முழுக்க நான் முள்ளைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாமே பிடிபடுகிறது. ஆயில் அளவுக் கம்பியை விரலால் தடவித்தான் பார்க்கிறார். தெருவில் எதிரே வருகிற ஆள் வாயைத் திறந்து பேசினால்தான் யார் என்று பெயர் சொல்கிறார். சிக்னலில் நின்றால் "போலாமா?" என்று என்னிடம் கேட்கிறார். ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். வண்டியில் எப்போதும் ஒரு லாரிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போகிறார். கேட்டால் கண்ணாடி கீறல் விழுந்திருக்கிறது, மீட்டர் லைட் மங்கல், வெயில் எதிரே அடிக்கிறது என்று காரணம் சொல்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இவர் ஆடத் தெரிந்தவர், அதுதான் கொடுமை.

போன வாரம் இறக்கத்தில் சாலை வேலை நடந்தது. புழுதி நிறச் சட்டை போட்ட ஒரு ஆள் கையில் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் "ஆளு, ஆளு" என்றேன். பிரேக்கைப் போட்டார், பின்னால் லோடு தள்ளிக்கொண்டு வந்ததில் அந்த ஆள் பலகையைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்துவிட்டான். அடி ஒன்றும் இல்லை. இறங்கிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன், அவன் வாங்கவில்லை. உன் மாமா டிரெய்லர் பிரேக் சரியில்லை என்றார். அதற்குத்தான் இப்போது கட்டை மாற்றுகிறோம். கழற்றிப் பார்த்துவிட்டு மெக்கானிக் "இது இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று என்னைப் பார்த்தார். மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்பாய். கேட்டேன். ஒரு தடவை கண் டாக்டரிடம் போய் வருவோமா என்று நைசாகத்தான் கேட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த லோடுக்கு, நான் குளித்துவிட்டு வருவதற்குள் தனியாகக் கிளம்பிப் போய்விட்டார். முள்ளைப் பார்த்துச் சொல்லவும் ஆளில்லை, ஆளு ஆளு என்று கத்தவும் ஆளில்லை. அன்றைக்கு முழுவதும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து கால் வீங்கிப்போயிற்று. சாயங்காலம் வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி டீ கேட்டார். நான் டீயைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் அவருக்கு முன்னாலேயே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். அதிலிருந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவர் பயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தவர். இவருக்கு வெறும் கண்புரைப் படலமாகவே இருக்கலாம், ஒரே நாளில் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். போய்க் காட்டினால்தானே தெரியும். கண் கெட்ட பிறகு என்று ஆரம்பிக்கிற பழமொழி ஒன்று உண்டே, அதை யாராவது எங்கள் வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலி வண்டியோடு திரும்பும்போது டைல்ஸ் கிடங்கின் மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். லைசென்ஸ் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தேன் அல்லவா, அதை வெளியே எடுத்தேன். பொழுது போகவில்லை என்று சொல்லிக் கேட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றார். டிரெய்லரோடு பின்னுக்கு எடுக்க இன்னும் எனக்கு வரவில்லை, வண்டி ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் போகிறது. அவர் என் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப நானூறு இருக்கும், ரொம்ப அழுத்துற" என்றார். நான் மீட்டரைப் பார்த்தேன். முள் சரியாக நானூறில் நின்றது. டர்போவின் விசில் சத்தத்திலேயே அவருக்குச் சூடு தெரிகிறது. இத்தனை நாளும் என் ஏலத்தையும் அந்தச் சத்தத்தையும் வைத்துக்கொண்டுதான் எங்கள் இரண்டு பேர் உயிரையும் மலை ஏற்றி இறக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தூசி என்று சொன்னேன். அதையும் நம்பினார்.

நான் ஓட்டி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தால் அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகாது. டாக்டர் பார்த்துச் சரி செய்கிற வரைக்கும் அப்படிப் போகலாம். ஆனால் அந்தச் சீட்டிலிருந்து அவர் தானாக இறங்க வேண்டும். நான் இறக்கினால் அது வேறு.

இப்போது அவர் உன்னிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். பவரை இன்னும் ஒரு படி கூட்டச் சொல்லி ஒன்று, பெரிய மீட்டர் ஒன்று. பவரைக் கூட்டாதே. இருக்கிற சூடே எங்களுக்குப் போதும். பெரிய மீட்டரையும் அனுப்பாதே. நீ அனுப்பினால் அதை மாட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார். பிறகு அதைவிடப் பெரியதாகக் கேட்பார்.

நீ பொய் சொல்ல வேண்டாம். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம். அடுத்த தடவை பேசும்போது, "மாமா, நான் நல்லா விசாரிச்சுட்டேன், அந்த மீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல" என்று மட்டும் சொல். வேறு யார் சொன்னாலும் சண்டைக்கு நிற்பார். நீ சொன்னால் நம்புவார். மீட்டரில் கோளாறு இல்லை என்றால் வேறு எதில் என்று அவரே யோசித்துக்கொள்வார். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

மெக்கானிக் டிரெய்லரை இறக்குகிற சத்தம் கேட்கிறது. உன் மாமா வெளியே வந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்காமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் அவருக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. இருட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காதே. நீ தீர்க்காயுசாக, உன் கண்ணும் கையும் நன்றாக இருந்து, வாழ வேண்டும். சீக்கிரம் போன் பண்ணு, தம்பி.

உன் அக்கா